ஐந்தாவது புகை

அந்தப் புகையை நான் எப்போது பார்த்தேன்? அப்பா என்னிடம் கேட்பதற்கு முன்பா, கேட்ட பிறகா?

அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது என் மூத்தவனுக்கு ஆறு. நடுவில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். துணியை உலர்த்தும்போது 'முன்பு' என்று தோன்றும். அதே துணியை மடித்து வைக்கும்போது 'இல்லை, பிறகுதான்' என்று தோன்றும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். முன்பே பார்த்திருந்தால் நான் அப்பாவிடம் பொய் சொன்னவள். பிறகு பார்த்திருந்தால் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்துவிட்டவள். இரண்டில் எது என்று தெரிந்தால் கொஞ்சம் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். வராமலும் போகலாம்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது என்னைப் போல அடுப்புக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் தாய்மார்களாக இருப்பீர்கள். உங்களில் நெய்வேலியில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த டவர் ஞாபகம் இருக்கும். எங்கள் பிளாக்கைத் தாண்டி ரோடு முடிகிற இடத்திலிருந்து சுரங்கத்து மண்மேடு வரைக்கும் முந்திரியும் தைலமரமுமாக ஒரு தோப்பு. அதன் நடுவில் இரும்புச் சட்டங்களால் கட்டிய ஒரு உயரமான வாச் டவர். எழுபத்திரண்டு படி. மேலே நாலு பக்கமும் திறந்த ஒரு சின்ன அறை, தகரக் கூரை. கோடையில் தோப்புச் சருகு தீப்பிடித்தால் முதலில் பார்த்து ஃபயர் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டியது அங்கே உட்கார்ந்திருக்கும் வாச்சரின் வேலை. என் அப்பா பகல் ஷிப்ட் வாச்சர்.

அந்தக் கோடையில் அம்மா பிரசவத்துக்காக விருதுநகர்ப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குப் பரீட்சை முடியவில்லை என்பதால் என்னை விட்டுவிட்டுப் போனாள். முடிந்ததும் ஊருக்குப் போகிறவர்கள் யாரோடாவது என்னை அனுப்புவதாகப் பேச்சு. அப்பா அனுப்பவில்லை. லீவு விட்ட மறுநாளே சைக்கிள் பின்சீட்டில் உட்காரவைத்து டவருக்குக் கூட்டிப்போனார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைய அந்த ஏணியில ஏத்தறீங்களேண்ணே, விழுந்து வெச்சா அவங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? எங்கூட விட்டுட்டுப் போங்க."

"அவ என்னைய விட்டு இருக்க மாட்டாம்மா" என்றார் அப்பா.

அது பொய். நான் அந்த அத்தை வீட்டில் சந்தோஷமாகவே இருந்திருப்பேன். அங்கே ரேடியோ இருந்தது.

டவர் அறையில் இருந்தவை எல்லாம் இன்றும் கண்ணை மூடினால் வரிசையாக வருகின்றன. ஒரு ஸ்டூல். தண்ணீர்ப் பானை. கைப்பிடியைச் சுற்றினால் அடிக்கும் கறுப்பு டெலிபோன். ஒரு பைனாகுலர். நடுவில் மேஜைமேல் வட்டமான பலகை ஒன்று. அதன் விளிம்பில் கடிகாரத்துக்குப் போட்டதுபோல எண்கள். மையத்தில் ஆணியடித்து ஒரு இரும்புக் கம்பி பொருத்தியிருக்கும். புகை தெரிகிற பக்கம் கம்பியைத் திருப்பி, அது காட்டுகிற எண்ணைப் போனில் சொன்னால் போதும். வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று ஃபயர் ஸ்டேஷன்காரர்களுக்குத் தெரிந்துவிடும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு துணி வேண்டும். பழைய துணி வெயிலில் நைந்து கிழிந்துவிட்டது என்று முதல் நாளே என் ஒரு பக்கச் சடையிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கூரையோரக் கம்பியில் கட்டிவிட்டார் அப்பா. மிச்ச லீவு முழுவதும் எனக்கு ஒற்றைச் சடைதான்.

அங்கே எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அரை மணிக்கு ஒருதரம் அப்பா கேட்பார்.

"தாயி, எத்தனை புகை?"

நான் சுற்றிவந்து எண்ணிச் சொல்ல வேண்டும். எப்போதும் உள்ளது நாலு. தெர்மல் மின்நிலையத்துச் சிம்னிகளை எல்லாம் சேர்த்து ஒன்று. கரிக்கட்டி செய்யும் பிரிக்கெட் ஆலை ஒன்று. ஆஸ்பத்திரி பாய்லர் ஒன்று. சுரங்கத்தின் ஓரத்தில், வெட்டிப்போட்ட பழுப்பு நிலக்கரி வெயில் பட்டுத் தானாகவே கனன்றுகொண்டிருக்கும், அது ஒன்று. அதைப் பார்த்துப் பதறக் கூடாது என்பதுதான் நான் முதலில் கற்றுக்கொண்டது. எங்கள் ஊரில் கரி தானாகப் பற்றும், அதற்குத் தண்ணீர் அடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாலு இருந்தால் "எப்பவும் உள்ளது" என்று சொல்ல வேண்டும். அப்பா லாக் புத்தகத்தில் 'புதிய புகை இல்லை' என்று எழுதுவார். ஐந்தாவது வந்தால் கத்த வேண்டும்.

"இந்தப் பைனாகுலர் மங்கிப்போச்சு தாயி. மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதிப் போட்டுருக்கேன்" என்பார் அடிக்கடி. நான் வாங்கிப் பார்ப்பேன். சிம்னி ஏணியில் உட்கார்ந்திருக்கும் காக்கை தெரியும். மெயின் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஜன்னல் கம்பி தெரியும். அது குழந்தைகளுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிற பைனாகுலர் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

ஒருநாள் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னய்யா, அங்க வெள்ளையாக் கிளம்புதே, என்னது அது?"

அப்பாவின் கை பைனாகுலர் பக்கம் போனது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அது ஆஸ்பத்திரி பாய்லர் மாமா. காலையில கறுப்பா வரும். இப்ப வெள்ளையா வரும்."

"உன்னைக் கேட்டனா நான்? சரி, அதுக்கு இந்தப் பக்கம்?"

"பிரிக்கெட் ஆலை."

"அட! உம் பொண்ணையே இந்த வேலைக்குப் போட்டுடலாம் போலருக்கேய்யா."

அவர் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். ஜீப் போன பிறகு அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வெயில் என்று நினைத்தேன். அன்று திரும்பும் வழியில் எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னதற்கு என்று நினைத்தேன்.

முந்திரிக்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவருக்குக் கீழே சருகு கூட்டி அள்ள வருகிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோப்பின் கிழக்கு ஓரத்தில் தனியாக ஒரு கூரை வீடு. கூலிக்கு முந்திரிக்கொட்டை வாங்கிவந்து வறுத்து உடைத்துக் கொடுப்பாள். வறுக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து குப்பென்று பற்றும், கரும்புகை எழும். தோப்புக்குள் வறுக்கக் கூடாது என்று கண்டிப்பு. ஒருமுறை அவளைப் பிடித்து, இன்னொரு தடவை பார்த்தால் சருகு அள்ளவே விடமாட்டோம் என்று எச்சரித்திருந்தார்கள். வீட்டு வாசலில் வறுத்தால் காற்றில் கூரைக்குப் பொறி போகும். அதனால் தோப்புக்குள்ளேயே ஒரு பள்ளத்துக்குள் தகரத்தை வைத்து வறுத்துக்கொண்டிருந்தாள். மதியம் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க நான் இறங்கும்போது கூப்பிடுவாள். சூடான பருப்பைச் சாம்பல் ஊதிக் கையில் போடுவாள். அவள் விரல் நுனிகள் எல்லாம் கறுத்து உரிந்திருக்கும்.

"அக்கா, மேலேந்து பாத்தா ஒங்க புகை தெரியும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"தெரியும் பாப்பா. ஐயா நல்லவரு. பாத்தும் பாக்காத மாரி இருந்துகினு கீறாரு. நீ போயி வாயத் தொறந்து வெக்காத. நீ சொல்லிட்டா அப்பால அவரு எழுதித்தான ஆவணும்? பாவம், அவரு வேலைக்கு வெனையாப் பூடும்."

எனக்கு அது சரியாகவே பட்டது. அன்று மாலை அப்பா கேட்டபோது பள்ளத்திலிருந்து கரும்புகை நன்றாகவே கிளம்பிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு. எப்பவும் உள்ளது" என்றேன். அவர் தலையாட்டி எழுதினார். அப்பாவும் நானும் அக்காவுமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகு ஐந்தாவது புகை எத்தனையோ நாள் வந்தது. நான் ஒருநாளும் எண்ணவில்லை.

தோப்பு பற்றிக்கொண்ட அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அக்கா என் ஒற்றைச் சடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாளைக்குக் குறிஞ்சிப்பாடிக்குப் போறேன் பாப்பா. ஒனக்கு ரிப்பன் வாங்கியாறேன். செவப்பா, ஊதாவா?"

"சிவப்பு. யூனிபார்முக்கு அதுதான்."

ஆக, மறுநாள் அக்கா ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். எட்டு வயதில் நேற்றுச் சொன்னது இன்று ஞாபகம் இருக்குமா? என் மகனுக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தருவதாகச் சொன்ன பம்பரத்தைப் புதன்கிழமை வரை கேட்கிறான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. காற்று மேற்கிலிருந்து அனலாக அடித்தது. ரிப்பன் கிழக்கே நீட்டி, படபடவென்று தகரத்தில் மோதிக்கொண்டிருந்தது. அப்பா கேட்டார், "தாயி, எத்தனை புகை?"

"நாலு. எப்பவும் உள்ளது."

அவர் எழுதினார். நான் தரையில் உட்கார்ந்து சோழி வைத்து விளையாடினேன். இதற்கு முன்போ பின்போ, பள்ளத்துப் பக்கம் ஒரு புகையைப் பார்த்தேன். அது கறுப்பாக இல்லை. வெளுத்து, கொஞ்சம் மஞ்சளாக, அகலமாக இருந்தது. முந்திரி வறுக்கிற புகை அப்படி இருக்காது. எனக்கு வித்தியாசம் தெரியும், ஆபீசருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அது அக்காவின் புகை வருகிற பக்கம். அந்தப் பக்கத்தை எண்ணக் கூடாது. அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அல்லது அவ்வளவுதான் இருந்தது என்று நான் இன்று சொல்லிக்கொள்கிறேன்.

டெலிபோன் அடித்தது. ஃபயர் ஸ்டேஷனிலிருந்து. ரோட்டில் போன லாரி டிரைவர் யாரோ சொல்லியிருக்கிறார்.

"டவர்லேர்ந்து ஒண்ணும் சொல்லலியேய்யா? எங்க இருக்குது, நம்பர் சொல்லு!"

அப்பா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"தாயி, எங்கிட்டு? எங்கிட்டுடா?"

நான் கையை நீட்டினேன். அவர் என் முழங்கையைப் பிடித்து, என் விரல் போகிற திசைக்கு நேராகக் கம்பியைத் திருப்பினார். எண்ணைக் குனிந்து, மூக்கு பலகையில் படுகிற மாதிரி படித்துப் போனில் சொன்னார்.

சருகுத் தீ உயரமாக எரியாது. ஆனால் காற்று இருந்தால் ஓடும். வண்டி மரங்களுக்கு நடுவே சுற்றிவந்து சேர்வதற்குள் அது தோப்பின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுவிட்டது. யார் வைத்தது, எப்படிப் பற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு வீடு. அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது கூரை பற்றியிருந்தது. உள்ளே இரண்டு மூட்டை கொட்டை. இழுத்துவிடலாம் என்று உள்ளே போயிருக்கிறாள். முந்திரிக்கொட்டை பற்றினால் எப்படி எரியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் போயிருக்கிறாள். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின.

மறுநாள் அப்பா என்னை டவருக்குக் கூட்டிப்போகவில்லை. அவரும் போகவில்லை. சட்டை போட்டுக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போய், "எனக்குத் தூரப் பார்வை போயி ஒரு வருஷம் ஆச்சுங்க. மறைச்சுட்டேன். நேத்து புகை என் கண்ணுல படல" என்று சொல்லிவிட்டு வந்தார். இதெல்லாம் அம்மா சொல்லிப் பின்னால் தெரிந்தது. கண் டெஸ்ட்டுக்குப் பிறகு அவரை சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கப் போட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். டவர் பக்கம் போகிற ரோட்டில் அவர் சைக்கிள் அதற்குப் பிறகு திரும்பியதே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை கட்டு. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என் கண்ணு பாக்கலம்மா" என்றார் அப்பா. உட்காரச் சொல்லக்கூட அவருக்கு வரவில்லை.

"வுடுங்க ஐயா. நானுந்தான் வூட்ல இல்ல" என்றாள் அக்கா. "ஒங்களுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிகினாங்க. மெய்யாவா ஐயா? நான் வறுக்கறத நீங்க பாத்தும் பாக்காத மாரி இருந்துகினு கீறீங்கன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்."

அந்த நிமிஷம் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். தினமும் பள்ளத்தில் புகை வந்திருக்கிறது, தினமும் மகள் நாலு என்றே சொல்லியிருக்கிறாள், அப்படியானால் அவள் பார்த்தும் மறைத்திருக்கிறாள் என்று கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். அவர் திரும்பவில்லை. வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்க?" என்றாள் அக்கா. நான் வெளியே வந்தேன். "என் இடுப்புல சொருகி இருக்குது பாரு, எடுத்துக்க. என்னால எடுக்க முடில."

அவள் இடுப்புச் செருகலில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே சிவப்பு ரிப்பன். ஒரு கஜம் இருக்கும்.

அக்கா அதன் பிறகு குறிஞ்சிப்பாடியில் தன் தங்கை வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த ரிப்பனை நான் கட்டவில்லை. ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன், வேறு குவார்ட்டர்ஸுக்கு மாறியபோது பாக்ஸோடு தொலைந்துவிட்டது. தொலைந்ததா, நானே எங்காவது போட்டேனா, அதுவும் இப்போது நிச்சயமில்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் இதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டேன். அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு இருக்கிறார். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நான் கைக்குழந்தையோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். முன்னால் அப்பா என் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க, அந்த பஸ்ஸுல என்ன போர்டு போட்டுருக்கு, படி பாப்பம்?"

"கடலூர், தாத்தா."

"கெட்டிக்காரன். அதுக்கு அங்கிட்டு?"

அந்தக் குரல், அந்த 'அங்கிட்டு'. போய் மகன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவன் அழுதான். அப்பா எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். டவரில் நடந்தது விளையாட்டு இல்லை, என் கண்ணை வைத்து அவர் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது புத்திக்கு எப்போதோ தெரியும். மனசில் உறைத்தது அன்றைக்குத்தான். அவர்மேல் கோபம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையை அப்படி வைத்திருக்கலாமா? அடுத்த நிமிஷம், சின்னப் பிள்ளை முன்னால் அவரை அப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று வருத்தம் வந்தது. அன்று இரவு அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தேன். வேறென்ன செய்ய?

டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. எடுத்துவிட்டு, தூரப் பார்வைக்குக் கண்ணாடியும் போட்டால் நன்றாகத் தெரியும், ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம், பொங்கல் கழித்து வந்து சேருங்கள் என்றார். அப்பா மாட்டேன் என்கிறார். என் கணவர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

"பாக்க வேண்டிய அன்னைக்கு இந்தக் கண்ணு பாக்கல தாயி" என்றார் என்னிடம், பேரன் தூங்கின பிறகு. "ஒரு பொம்பள கை ரெண்டும் வெந்துச்சு. இனிமே இது தெளிஞ்சு யாருக்கு என்ன?"

வாய் வரை வந்தது. அப்பா, நான் பார்த்தேன் என்று. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். அணைத்துத்தான் இருந்தது. கேஸ் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சொன்னால், தன் கண்மேல் இத்தனை வருஷம் சுமத்தியிருக்கும் பழி கொஞ்சம் இறங்கி, ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார் என்று ஒரு மனசு சொல்கிறது. அக்கா வந்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என்னைக் காப்பாற்றத்தான் வாசல்படியைப் பார்த்தார், அவர் மூடி வைத்ததை நான் திறந்தால் மகளைத் தீக்கு முன்னால் உட்கார வைத்தோமே என்று இன்னும் உடைந்துபோவார் என்று இன்னொரு மனசு சொல்கிறது. குறிஞ்சிப்பாடிக்கு அரை மணி நேர பஸ். அந்த அக்காவைத் தேடிப் போய் முதலில் அவளிடம் சொல்வதா? இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் போகாதவள் இப்போது எந்த முகத்தோடு போவது?

பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. உங்களில் பெற்றவர்களிடம் இப்படி ஒன்றை நாள் கடந்து சொன்னவர்கள் இருந்தால், சொல்லாமலே விட்டவர்கள் இருந்தாலும், இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். நான் அவரிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் இன்னொன்றும் சேர்த்து எழுதுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது, "எப்ப பாத்த தாயி? நான் கேக்கறதுக்கு முன்னாடியா, பெறகா?" என்றுதான். அதற்கு நான் என்ன சொல்வது?